சும்மா பேச்சுக்குச் சொன்ன ஒரு சொல்

1

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட உட்கார்ந்த என் மூத்த மகனை எழுந்து போகச் சொல்லிவிட்டேன். சம்பாதிக்கிற பிள்ளையை, அதுவும் மாதத்துக்கு ஒருமுறை வருகிறவனை, பாதிச் சோற்றில் எழுப்பலாமா என்று என் மனைவி இன்றுவரை எனக்கு முகங்கொடுத்துப் பேசவில்லை.

சிவராமனுக்குக் கொழும்பில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் கிளார்க்கு வேலை. சட்டைக் காலர் கசங்காமல் ருவான்வெல்லை பஸ்ஸிலிருந்து இறங்குவான். அன்றைக்கும் அப்படித்தான் வந்தான். இலையில் ரசம் ஊற்றும்போது பெருமூச்சு விட்டுக்கொண்டு சொன்னான்:

"என்ன வேலைப்பா அது? காலையில போ, அதே காகிதம், அதே முத்திரை, சாயங்காலம் வா. சுத்த ட்ரெட்மில்."

என் கை நின்றுவிட்டது. "அந்தச் சொல்லை இந்த வீட்டுல சொல்லாதே" என்றேன்.

"எந்தச் சொல்லு? ட்ரெட்மில்லா?" என்று சிரித்தான். "எங்க ஆபீஸ்ல எல்லாரும் சொல்றதுதானேப்பா. சும்மா பேச்சுக்குச் சொல்றது."

"எழுந்து போடா" என்றேன்.

கை கழுவினான், பையை எடுத்தான், போய்விட்டான். கொல்லையில் விளையாடிக்கொண்டிருந்த என் கடைக்குட்டி மீனாட்சி, "தாத்தா, அண்ணன் ஏன் அழுதுகிட்டே போறாரு?" என்று கேட்டுக்கொண்டு ஓடி வந்தாள். நான் அவளுடைய தாத்தா அல்ல, தகப்பன். பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளைகள் தங்கள் அப்பாவைத் 'தாத்தா' என்று கூப்பிடுகிறார்கள், இவளும் கற்றுக்கொண்டாள். எத்தனை முறை திருத்தினாலும் வருவதில்லை. என் பிள்ளைகளில் ஒன்று இங்கிலீஷுக்குப் போய்விட்டது, இன்னொன்று சிங்களத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அதற்காக நான் யாரையும் வீட்டைவிட்டு விரட்டியதில்லை. அந்த ஒரு சொல்தான் என்னைப் பிடித்து உலுக்கியது.

ஏன் என்று அவனிடம் விளக்க அன்று எனக்கு நிதானம் இல்லை. ஆகவே உங்களுக்கு எழுதுகிறேன். நம் ஊரில் இருந்துகொண்டு, கடல் தாண்டினால் காசு மரத்தில் காய்க்கும் என்று இன்றும் தோட்டத்துக்கு ஆள் பிடித்து வேலை வாங்கும் கங்காணிகள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்கு.

2

நான் சிவகங்கைச் சீமைக்காரன். நாலாவது பாரம் வரை இங்கிலீஷ் படித்தவன். அந்தப் படிப்பு அங்கே சோறு போடவில்லை. இலங்கைத் தோட்டங்களில் கிளார்க்குக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஒருவர் சொல்ல, கிளம்பிவிட்டேன்.

கடல் தாண்டுவதற்கு முன் எங்களை ஒரு முகாமில் அடைத்து வைத்தார்கள். துணியை வாங்கி ஆவியில் வேகவைத்தார்கள். கண் இமையைப் புரட்டிப் பார்த்தார்கள். மேசைக்குப் பின்னால் இருந்தவன் தலையை நிமிர்த்தாமலே, "எந்தக் கங்காணி ஆளு?" என்று கேட்டான். நான் கங்காணி ஆள் இல்லை, கிளார்க்கு வேலைக்குப் போகிறேன் என்று இங்கிலீஷில் சொன்னேன். அவன் அப்போதுதான் நிமிர்ந்தான். பக்கத்தில் இருந்தவனைப் பார்த்து, "இந்தா பாரு, இந்தக் கூலி இங்கிலீஷு பேசுது" என்றான். பேசுகிறான் என்றுகூட இல்லை. பேசுது. நம்மவன்தான், தமிழன்தான் அப்படிச் சொன்னவன். கோட்டும் தலைப்பாகையும் போட்ட எனக்கே அப்படி என்றால், இடுப்புத்துணியோடு வரிசையில் நின்றவர்களுக்கு என்ன நடந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வந்து சேர்ந்தது ருவான்வெல்லைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். நம் ஊரில் மழைக்கு ஏங்குவோம். இங்கே மழை நின்றால்தான் வேலை. விடியும் முன்னே தப்பு மேளம் அடிப்பார்கள். லயங்கள் என்கிற வரிசை வீடுகளிலிருந்து ஆணும் பெண்ணும் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்துக்கு வந்து வரிசையில் நிற்கவேண்டும். பிறகு கத்தியும் வாளியுமாக மலைச்சரிவில் ஏறுவார்கள். மரத்துக்கு மரம் பட்டையைச் சீவி, வடியும் பாலுக்குச் சிரட்டையைத் திருத்தி வைத்து, கடைசி மரம் வரை போய், திரும்பி முதல் மரத்துக்கு வந்து, பாலை வாளியில் சேர்த்து, ஸ்டோருக்குச் சுமந்து வரவேண்டும். மறுநாள் அதே மரம், அதே பட்டை, நேற்றுச் சீவியதற்கு நூலிழை கீழே. ஒரு நாள் வேலைக்கு ஒரு 'பேர்' போடுவார்கள், அதை வைத்துத்தான் கூலி. கொண்டுவந்த பால் குறைந்துபோனால் அரைப்பேர். முழு மனிதனுக்குப் பாதிப் பேர் போடுகிற ஊரை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை.

எங்கள் துரை கையை ஓங்குகிறவர் அல்ல. அதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். பக்கத்துத் தோட்டத்துத் துரைமார் சிலரைப்போல் பிரம்பு வைத்திருக்கவில்லை. காலையில் குதிரையில் ஒரு சுற்று வருவார். பங்களாவுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குவார். எழுந்து ஆபீசுக்கு வந்து நான் அடுக்கி வைத்திருக்கும் காகிதங்களில் கையெழுத்துப் போடுவார். வெயில் தாழ்ந்ததும் கிளப்புக்குப் போய்விடுவார். கையெழுத்துப் போடும்போது ஒவ்வொரு நாளும் பேனாவைக் கீழே வைத்து, நாற்காலியில் சாய்ந்து, ஜன்னல் வழியாக ரப்பர் மரங்களைப் பார்த்துச் சொல்வார்: "ட்ரெட்மில், கிளார்க்கு. ட்ரெட்மில்."

முதலில் அது ஏதோ மாவு அரைக்கும் யந்திரம் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த அகராதி ஒன்று என்னிடம் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். பழைய காலத்துச் சீமைச் சிறைச்சாலைகளில் கைதிகளை மிதிக்கவிட்ட சக்கரம் என்று போட்டிருந்தது. பெரிய உருளை, அதைச் சுற்றிப் படிகள். கைதி ஒரு படியில் கால் வைத்தால் அது கீழே போகும். அடுத்த படியில் வைக்கவேண்டும். அதுவும் கீழே போகும். ஏறிக்கொண்டே இருக்கவேண்டும், ஆனால் ஓரங்குலமும் ஏறமாட்டான். அலுப்பூட்டும் எந்த வேலைக்கும் பேச்சு வழக்கில் அந்தப் பெயர் வந்துவிட்டது என்றும் கீழே எழுதியிருந்தது.

பங்களாவும் குதிரையும் கிளப்பும் சமையற்காரனும் உள்ள மனிதர் தன்னைச் சிறைச் சக்கரத்தில் ஏற்றிய கைதி என்று சொல்லிக்கொள்கிறார். அதைக் கேட்டு நான் சிரித்திருப்பேன். என்னைச் சிரிக்கவிடாமல் செய்தது, கீழ் லயத்தில் குடியிருந்த ஒரு புருஷன் பெண்சாதி.

3

கருப்பையாவும் செல்லாயியும் புதுக்கோட்டைப் பக்கத்து ஆட்கள். இரண்டு பேரும் பால்வெட்டுக்காரர்கள். செல்லாயி நிறையப் பேசுவாள், கங்காணிக்கும் பயப்படமாட்டாள். கருப்பையா பேசவே மாட்டார். கூப்பிட்டால் வருவார், சொன்னதைச் செய்வார், போவார். ஊமையோ என்றுகூட முதலில் நினைத்தேன்.

ஒருநாள் மழைக்கு ஸ்டோர் தாழ்வாரத்தில் எல்லோரும் ஒதுங்கி நின்றபோது, அவர் உள்ளங்கைகளைப் பார்த்தேன். குறுக்கும் நெடுக்குமாகப் பழைய வெட்டுக்காய வடுக்கள். பால்வெட்டுக் கத்தியால் அப்படி வராது. என்ன என்று கேட்டேன். அவர் கையை மூடிக்கொண்டு நகர்ந்துவிட்டார். செல்லாயிதான் சொன்னாள்.

"அது ஜெயில்ல வந்ததுங்க ஐயா. ஊறவச்ச தேங்கா மட்டையப் போட்டு அடிச்சி, நாரு உரிக்கச் சொல்லுவாங்களாம்."

"ஜெயிலா? என்ன குற்றம்?"

"தோட்டத்த விட்டு எறங்கினதுதாங்க குத்தம்."

அந்தக் காலத்தில் சட்டம் அப்படி. தொழிலாளி முன்னறிவிப்புக் கொடுக்காமல் தோட்டத்தை விட்டுப் போனால் அது திருட்டைப்போல ஒரு குற்றம். வாரண்டு, கோர்ட்டு, ஜெயில். இப்போது அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். எடுத்துவிட்டோமே என்று பெருமையும் பேசுகிறார்கள். நான் இந்தத் தோட்டத்துக்கு வருவதற்கு முன் நடந்த கதையைச் செல்லாயி மழை விடும்வரை சொன்னாள்.

"எங்க மூத்த பயலுங்க. மாரின்னு பேரு. அப்பத்தான் தத்தித் தத்தி நடக்குறான். காச்ச வந்துச்சி, எறங்கவேயில்ல. கங்காணிகிட்டப் போயி, பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறோங்கன்னு கேட்டோம். தொரைகிட்ட எழுத்து வாங்காம எறங்கக்கூடாதுன்னாரு. தொரை வேட்டைக்குப் போயிட்டாரு, எப்ப வருவாருன்னு தெரியாதுன்னாங்க. புள்ளைக்குக் கண்ணு சொருகுது. எப்பிடிங்க பாத்துக்கிட்டிருக்கிறது? எறங்கிட்டோம்."

"அப்புறம்?"

"பாலத்துக்கிட்டயே புடிச்சிட்டாங்க. ஓடிப்போறோம்னு சொன்னாங்க. புள்ளையக் காட்டுனேன், பாருங்க சாமின்னு. புள்ளையச் சாக்கு வச்சி ஓடுறதெல்லாம் எங்களுக்குத் தெரியும்னாங்க. இவரக் கோர்ட்டுல நிறுத்துனாங்க. தொரையே வந்து சாட்சி சொன்னாரு. இவன விட்டா மத்தவனும் ஓடுவான்னு சொன்னாராம். என்னையும் புள்ளையவும் திருப்பி லயத்துல கொண்டாந்து விட்டாங்க."

மழை ஓட்டுக்கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது.

"புள்ள போயிட்டான். இவருக்குச் சொல்ல ஆள் இல்ல. ஜெயில்லருந்து வந்து லயத்து வாசல்ல நின்னாரு. நின்னுக்கிட்டு, 'பய எங்க?'ன்னு கேட்டாரு. அதுதாங்க ஐயா. அதுக்கப்பறம் இவரு யாருகிட்டயும் பேசுறதில்ல."

அதே துரைதான். அவர் பேனாவைக் கீழே வைத்து, "ட்ரெட்மில், கிளார்க்கு" என்று சொல்லும்போதெல்லாம், ஜன்னலுக்கு வெளியே வாளியோடு போகும் கருப்பையா எனக்குத் தெரிவார். ஒரு மனிதரை உண்மையான ஜெயிலுக்கு அனுப்பிவிட்டு, ஜெயிலின் பெயரைத் தன் அலுப்புக்கு வைத்துக்கொள்கிறாரே என்று எனக்குத் தலைக்கு ஏறும். "ஆம் துரை" என்று சொல்லி அடுத்த காகிதத்தை நீட்டுவேன். பிள்ளைகுட்டிக்காரன் வேறென்ன செய்வான்?

4

துரை வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சீமைக்கே திரும்பிப் போவதென்று முடிவாயிற்று. புறப்படுவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, பிரட்டுக் களத்தில் எல்லோரையும் கூட்டினார்கள். பெரிய கங்காணி கறுப்புக் கோட்டுப் போட்டு மாலையோடு நின்றார். பிள்ளைகளுக்குப் பிஸ்கோத்து கொடுத்தார்கள். துரை ஒரு மேசைமேல் ஏறி நின்று பேசினார். நான் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லவேண்டும்.

துரைக்குத் தமிழ் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். வா, போ, வெட்டு, தூக்கு, ஏன் தாமதம். அவருடைய தமிழில் ஏவல் மட்டும்தான் இருந்தது. நன்றி சொல்வதற்கு அதில் சொல் இல்லை, அதனால்தான் நான்.

தோட்டத்தைப் பற்றிச் சொன்னார், மழையைப் பற்றிச் சொன்னார், ரப்பர் விலை விழுந்ததைப் பற்றிச் சொன்னார். ஒவ்வொன்றையும் நான் தமிழில் சொன்னேன். பெரிய கங்காணி கை தட்டும்போது மற்றவர்களும் தட்டினார்கள். பிறகு துரை குரலைத் தாழ்த்தி, உருக்கமாக, "உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். இத்தனை வருஷமும் நீங்களும் நானும் ஒரே ட்ரெட்மில்லில்தான் இருந்தோம்" என்றார்.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் வாயைத் திறந்தேன். அந்தச் சொல்லுக்குத் தமிழ் இல்லை. 'ஓயாத உழைப்பு' என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் கை தட்டியிருப்பார்கள். கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் முன் வரிசையில் கருப்பையா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவரைப் பார்த்துக்கொண்டு அப்படி மழுப்ப எனக்கு நாக்கு வரவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"துரை சொல்லுறாரு: சீமையில முந்தி ஜெயிலுக்குள்ள ஒரு சக்கரம் வச்சிருந்தாங்களாம். கைதிகள அதுமேல ஏத்தி, நாள் பூரா மிதிக்க விடுவாங்களாம். துரையும் நீங்களும் இவ்வளவு காலமும் அந்த ஜெயில் சக்கரத்துலதான் ஒண்ணா மிதிச்சீங்களாம்."

பெரிய கங்காணி கை தட்டத் தூக்கிய கைகளை அப்படியே வைத்துக்கொண்டார். ஒருவரும் தட்டவில்லை. பிஸ்கோத்துத் தின்றுகொண்டிருந்த பிள்ளைகளின் சத்தம் மட்டும் கேட்டது.

பெண்கள் வரிசையிலிருந்து செல்லாயி ஓரடி முன்னால் வந்தாள்.

"ஐயா, தொரைகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. தொரைய எந்தக் கோர்ட்டுல நிறுத்துனாங்க? யாரு சாட்சி சொன்னா?"

"ஏய், வாய மூடு!" என்று பெரிய கங்காணி பாய்ந்தார்.

துரை கையைக் காட்டி அவரை நிறுத்தினார். தன்னைப் பற்றி ஏதோ நல்ல வார்த்தை வருகிறதென்று நினைத்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே என்னிடம் குனிந்து, "என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார்.

நான் இங்கிலீஷில் சொன்னேன். கோர்ட்டு என்ற சொல்லையும் விடவில்லை, சாட்சி என்ற சொல்லையும் விடவில்லை.

5

இந்த ஞாயிற்றுக்கிழமையும் சிவராமன் வந்தான். வரமாட்டான் என்று நினைத்திருந்தேன். உள்ளே வராமல் வாசற்படியில் உட்கார்ந்தான். நான் இதுவரை எழுதிய காகிதங்களை எடுத்து வந்து அவனுக்கு வாசித்துக் காட்டினேன்.

முடித்ததும் அவன் கேட்டது ஒன்றுதான்: "அதுக்குத் துரை என்ன சொன்னாருப்பா?"

உங்களுக்கும் அதுவே கேள்வியாக இருக்கும்.

துரையின் சிரிப்பு போய்விட்டது. முகம் சிவந்தது. "அது ஒரு பேச்சு வழக்கு என்று அவளிடம் சொல். சும்மா சொல்வது" என்றார்.

நான் செல்லாயியிடம் சொன்னேன்: "துரை அதைச் சும்மா பேச்சுக்குச் சொன்னாராம்."

"சும்மா பேச்சுக்கா?" என்றாள். அவள் கத்தவில்லை. "நாங்க போனது சும்மா இல்லீங்களே. இவரு மட்ட அடிச்சது சும்மா இல்லியே. எம்புள்ள மாரி செத்தது பேச்சுக்கு இல்லியே. தொரைக்கு மட்டும் ஜெயிலு எப்பிடிங்க சும்மா பேச்சுக்கு வந்துச்சி?"

அதையும் சொன்னேன். துரை என்னைப் பார்த்து, புருவத்தைச் சுருக்கி, உண்மையாகவே விளங்காமல் கேட்டார்: "எந்தப் பிள்ளை? யார் இவள்?"

அவருக்கு ஞாபகம் இல்லை. கோர்ட்டுக்குத் தன் காலால் நடந்து போய்ச் சாட்சி சொன்னவருக்கு, அது எந்த வழக்கு என்று ஞாபகம் இல்லை. வேண்டுமென்றே மறைத்திருந்தால்கூட நான் இவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டேன். மறைக்கிறவனுக்கு மனசுக்குள் ஏதோ உறுத்துகிறது என்று அர்த்தம். இவருக்கு உறுத்துவதற்கே ஒன்றும் மிஞ்சவில்லை. ஒரு மனிதரை வாய் பேசாதவராக ஆக்கிவிட்டு, அன்றைக்குச் சாயங்காலம் கிளப்புக்குப் போய் மறந்துவிட்டார்.

பெரிய கங்காணி மாலையைப் போட்டார். கூட்டம் கலைந்தது.

மறுநாள் காலை துரை என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். கருப்பையா குடும்பத்துக்குப் பற்றுச்சீட்டு எழுதச் சொன்னார். பற்றுச்சீட்டு என்றால், இந்தத் தோட்டத்தில் இனி உனக்கு வேலை இல்லை, போ என்று அர்த்தம்.

"ஒரு கேள்வி கேட்டதற்கா, துரை?" என்றேன்.

"எனக்கு அவள்மேல் கோபமில்லை. புதுத் துரை வரும்போது தோட்டம் அமைதியாக இருக்கவேண்டும், அவ்வளவுதான்" என்றார். பிறகு, "நீ வேறு ஏதாவது சொல்லைப் போட்டிருக்கலாம்" என்றார்.

"நீங்களும் போட்டிருக்கலாம், துரை."

இது என் வாயிலிருந்து வந்தது என்று நம்பவே எனக்குச் சற்று நேரம் ஆயிற்று. ஆனாலும் என்னை அவர் வேலையைவிட்டு நீக்கவில்லை. தான் போகும் வரை காகிதங்களை ஒப்படைக்க ஆள் வேண்டுமே. வந்து கொஞ்ச நாளில் புதுத் துரைதான் என்னை வேலையிலிருந்து நிறுத்தி அனுப்பினார். ருவான்வெல்லைக் கடைவீதியில் ரப்பர் வாங்கி விற்கும் முஸ்லிம் வியாபாரி ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் 'நானா', அதாவது அண்ணன். நான் பெட்டி படுக்கையோடு இறங்கி வந்த அன்றே கூப்பிட்டு, "தோட்டத்துல நீங்க சொன்னத கேள்விப்பட்டேன் ஐயா. நம்ம கடையில கணக்கு எழுதுங்க. இங்கயும் அலுப்புத்தான், ஆனா கதவு தொறந்திருக்கும்" என்றார். இன்றுவரை அங்கேதான் இருக்கிறேன்.

இவ்வளவையும் கேட்டுவிட்டுச் சிவராமன் படியில் இருந்த மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். பிறகு, "எனக்கும் அங்க கஷ்டமாத்தான்ப்பா இருக்கு. நான் பொய் சொல்லல" என்றான்.

"தெரியும்" என்றேன்.

"அப்ப நான் அதுக்கு என்னதான் சொல்லணும்?"

"அலுப்பா இருக்குன்னு சொல்லு. வெறுத்துப்போச்சுன்னு சொல்லு. உன் மேலாளு உன்ன மதிக்கலன்னு சொல்லு. உனக்கு என்ன நடக்குதோ அதச் சொல்லு. அடுத்தவன் பட்டத எடுத்து உன் மேல போட்டுக்காத."

"மதிக்கலதான்ப்பா" என்றான். அதற்குமேல் தன் ஆபீஸில் நடப்பதை எனக்கு முதல்முறையாக விவரமாகச் சொன்னான். வெள்ளைக்காரன் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லையாம், விரலைச் சொடுக்குவானாம். அதைக் கேட்டு எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் நீங்கள் இந்தக் குறிப்பைப் பாதியில் மூடிவிடுவீர்கள். என் மனைவி உள்ளேயிருந்து வந்து இரண்டு பேருக்கும் சோறு போட்டாள்.

6

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

செல்லாயியின் தம்பி ஓப்பநாயக்கவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தான். அங்கே போவதென்று அவர்கள் முடிவு செய்தார்கள். பற்றுச்சீட்டின்படி லயத்தைக் காலி செய்யவேண்டிய காலையும் துரை கொழும்புக்குப் புறப்படும் காலையும் ஒன்றாக அமைந்தன. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. இரண்டு உத்தரவும் ஒரே ஆபீஸிலிருந்து போனவை, ஒன்றை ஒன்று பார்க்கவில்லை.

பங்களாவுக்குப் போகும் பாதையில் வாழைமரம் கட்டி, தோரணம் தொங்கவிட்டிருந்தார்கள். அன்று வேலை இல்லை, எல்லோருக்கும் பேர் உண்டு, பாதையின் இரண்டு பக்கமும் வரிசையாக நின்று துரையை அனுப்பி வைக்கவேண்டும் என்று பெரிய கங்காணி முதல் நாளே லயம் லயமாகச் சொல்லியிருந்தார். தப்படிக்கிறவர்களும் தோரணத்துக்கு வந்துவிடவேண்டும். வராதவனுக்குப் பேர் கிடையாது.

நான் கோட்டைப் போட்டுக்கொண்டு நேரத்துக்குப் போனேன். கங்காணிகள் நின்றார்கள், அவர்கள் வீட்டு ஆட்கள் நின்றார்கள், ஸ்டோர்க்காரர்கள் நின்றார்கள். ஸ்டோர்க்காரர்களுக்குப் பின்னால் வெறும் பாதை. பெரிய கங்காணி வாட்சை எடுத்துப் பார்ப்பதும் லயத்துப் பக்கம் ஆள் அனுப்புவதுமாக இருந்தார். போன ஆள் திரும்பி வந்து அவர் காதில் ஏதோ சொன்னான். அவர் முகம் கறுத்தது.

துரை பங்களாவிலிருந்து வந்தார். அவருடைய நாய் காருக்குள் ஏற மறுத்து அடம் பிடித்தது. அதைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். துரை கங்காணிகளிடம் கைகொடுத்துக்கொண்டே வந்தார். ஸ்டோர்க்காரர்களைத் தாண்டி வந்து, ஆள் இல்லாத இரண்டு பக்கத்தையும் பார்த்தார். என்னிடம் ஏதோ கேட்க வாயைத் திறந்தார்.

அப்போதுதான் கீழே, ரயிலடிக்குப் போகும் வண்டிப்பாதையிலிருந்து தப்பு முழங்கியது. விடியற்காலையில் எங்களை எழுப்புகிற அடி அல்ல. திருவிழாவுக்கு அடிக்கிற அடி. கூட்டம் கூடவே போகும் இரைச்சலும் கேட்டது. ரப்பர் மரங்களுக்கு நடுவே எட்டிப் பார்த்தேன். முன்னால் தப்புக்காரர்கள், பின்னால் ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாகக் கீழ் லயம், மேல் லயம் எல்லாம் போய்க்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் தலையில் தகரப்பெட்டி, இன்னொருவர் தோளில் பாய்ச்சுருட்டு. கருப்பையாவுக்கு ஒரு சுமையும் தூக்க விடவில்லை. வெறுங்கையை வீசிக்கொண்டு நடந்தார். அவர் பக்கத்தில் செல்லாயி தலைநிறைய யாரோ வைத்த செம்பருத்திப்பூவோடு நடந்தாள். அன்றைக்குப் பேர் போய்விடும் என்று அவர்கள் ஒவ்வொருவருக்கும் தெரியும்.

துரையும் காதைச் சாய்த்துக் கேட்டார். மரங்களுக்கு இந்தப் பக்கம் நின்ற அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. முகத்தில் மெல்ல ஒரு மகிழ்ச்சி வந்தது. தொப்பியைக் கழற்றினார்.

"அந்த மேளம் எனக்கா?" என்று கேட்டார்.

"இல்லை, துரை" என்றேன். "கருப்பையாவுக்கும் செல்லாயிக்கும்."